ஜன்னல் திறந்தால்தான் விசிறி ஓடும்

1

இதைப் படிக்கும் ஊர்க்காரர்கள் பதறவேண்டாம். நாங்கள் மூன்று பேரும் உயிரோடுதான் இருக்கிறோம். முதல் வரியிலேயே இதைச் சொல்லக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு பொங்கல் முடிந்த மறு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்திருக்கவேண்டும். தப்பித்தோம். இன்றோடு அதற்கு ஒரு வருஷம் முடிகிறது. அதைக் கொண்டாட நான் நெத்திலிக் கருவாடு வறுக்கப்போகிறேன்.

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே நான்கு டிகிரி. சமையலறை ஜன்னல் திறந்திருக்கிறது. காலில் இரண்டு ஜோடி சாக்ஸ், தலையில் மப்ளர், கையில் கரண்டி. எதிர் வீட்டுக்காரர் நாயோடு போகும்போது ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போனார். பார்க்கட்டும்.

ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர் இது. ஒரு வார்ப்படத் தொழிற்சாலை, ஒரு ரயில் நிலையம், மூன்று ரொட்டிக் கடை, அவ்வளவுதான். என் கணவர் ஏழுமலை அந்தத் தொழிற்சாலையில் உலை பார்க்கிறார். அதற்கு முன்னால் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பைக் காய்ச்சிக் கம்பியாக இழுக்கும் ஒரு மில்லில் பதினோரு வருஷம் உலையடியில் நின்றவர். நான் ஒரு முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் பிரிவில் இருக்கிறேன். மகள் நிவேதாவுக்குப் பதினாலு வயது. ஐந்து வயதில் இங்கே வந்தவள். கனவு காண்பது ஜெர்மனில். கோபம் வந்தால் மட்டும் தமிழ்.

2

நாங்கள் இருப்பது ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதி. மேலே வீட்டுக்காரம்மா லோரென்ஸ் தனியாக இருக்கிறார். கெட்டவர் இல்லை. பனி கொட்டினால் வாசலை யார் எந்த வாரம் தள்ளவேண்டும் என்று அட்டவணை போட்டு, தன் முறையைத் தவறாமல் செய்வார். ஆனால் எங்களிடம் ஏதாவது சொல்லவேண்டுமென்றால் வாயால் சொல்லமாட்டார். கடிதம் தட்டச்சு செய்து, பன்னிரண்டு படி இறங்கி வந்து, எங்கள் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, மறுபடியும் பன்னிரண்டு படி ஏறிப் போவார். நான் சமையலறையில் நின்று அந்தக் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

முதல் கடிதம் இரண்டு வருஷத்துக்கு முன் வந்தது. எங்கள் சமையல் வாசனை படிக்கட்டு வரை வருகிறதாம். சமைக்கும்போது ஜன்னல்களை மூடி வைக்கவேண்டுமாம். அடியில் அன்பான வணக்கங்கள்.

அது மட்டும் என்றால் மடித்து வைத்துவிட்டு மறந்திருப்பேன். அதே மாதம் நிவேதா பள்ளியிலிருந்து வந்து, குளிர்ச் சட்டையைக் கழற்றி நேராகப் பாதாள அறைக்குக் கொண்டுபோய் மாட்டினாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் சொன்னாள்.

"என் ஜாக்கெட் வெங்காய நாத்தம் அடிக்குதாம்மா. பின்னால ஒக்காந்துகினு இருக்கிறவன் மூக்க மூடிக்கிறான். நீ ஊட்ல தாளிக்காதயேன்."

தாளிக்காமல் எப்படிச் சமைப்பது? நான் தாளித்தேன். அவள் தன் அறையில் ரொட்டி தின்றாள். சாப்பாட்டு மேஜையில் நானும் இவரும் மட்டும். அம்மா அனுப்பிய பழவேற்காட்டுக் கருவாட்டை மூன்று பை சுற்றி ஃப்ரீசரின் அடியில் புதைத்து வைத்தேன். கஞ்சா ஒளித்து வைப்பவன்கூட அத்தனை பத்திரமாக வைத்திருக்கமாட்டான்.

அடுத்த குளிர்காலத் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை ஏழுமலை எழுந்து நின்றார். "இவ்ளோதானே? வாசனைய வெளிய அடிக்கிறதுக்கு எனக்கா தெரியாது? மில்லுல எத்தினி ப்ளோயர் மாட்டிக்கீறேன்!"

ஊரில் கடைக்காரர்கள் சிம்னி என்று சொல்லி விற்கிறார்களே, சமையல் அடுப்புக்கு மேலே தொங்கும் உறிஞ்சு விசிறி, அதில் கடையிலேயே பலமானதாகப் பார்த்து வாங்கினார். வீட்டுக்காரம்மாவிடம் அனுமதி கேட்டோம். அன்றைக்கு மட்டும் கடிதம் இல்லாமல் வாயாலேயே சரி என்றார். இவர் கார் நிறுத்தும் பக்கத்துச் சுவரைத் துளைத்துக் குழாய் விட்டார். வீட்டுக்காரம்மாவின் பால்கனிக்கு நேர் எதிர்ப்பக்கம் அது. அத்தோடு நின்றாரா? ஜன்னல், வாசற்கதவு என்று ஒன்று விடாமல் விளிம்பெல்லாம் நுரைப்பட்டை ஒட்டினார். ஹாலில் தரையோரமாகச் சுவரில் ஒரு வட்ட ஓட்டை இருந்தது. அதில் பழைய துண்டைச் சுருட்டி நான்தான் அடைத்தேன். அந்த ஓட்டை எதற்கு என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை. குளிர் வருகிறது, அடை. அவ்வளவுதான்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லவேண்டும். எங்கள் ஹாலும் சமையலறையும் ஒன்றேதான், நடுவில் சுவர் கிடையாது. ஹால் மூலையில் விறகுக் கணப்பு நிற்கிறது. இரும்புப் பெட்டி, முன்னால் கண்ணாடிக் கதவு, கதவுக்குக் கீழே காற்று புகும் வாய், மேலே கூரையைத் தாண்டிப் போகும் புகைக்குழாய். குளிர்காலத்தில் நாங்கள் உயிர் வாழ்வது அதன் முன்னால்தான்.

3

எங்கள் ஊரைப் பற்றிச் சொல்லும்போது ஏரி, நாரை, நெல் வாசனை என்று எழுதுகிறவர்கள் எழுதட்டும். எனக்கு நினைவு தெரிந்தபோது எங்கள் காலனிக்குப் பின்னால் நின்றது தொழிற்சாலைப் புகைக்குழாய்தான். அப்பா அதுவரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். நிலம் போனபின் அதே இடத்தில் காம்பவுண்டுக்குள் ஒப்பந்தக் கூலி. விடிந்து பார்த்தால் கொடியில் போட்ட பள்ளிச் சீருடை கறுத்திருக்கும். குடத்துத் தண்ணீரின் மேல் ஒரு படலம் மிதக்கும். சோற்றுப் பானையைத் திறந்தால் மூடியில் கரி.

காலனி முழுக்கக் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தோம். ஒருநாள் மத்தியானம் ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். அந்த நேரம் பார்த்துப் புகைக்குழாய் சாமியார் மாதிரி சும்மா நின்றது. அவர் எங்கள் வீட்டு வாசலில் நின்று என் அம்மாவிடம் சொன்னது எனக்கு இன்னும் வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது.

"ஜன்னல சாத்திக்கோங்கம்மா. அத்தவிட இன்னா பண்ண முடியும்?"

அப்பா சாத்தினார். சுவருக்கும் கல்நார் ஓட்டுக்கும் நடுவில் இருந்த சந்துகளையெல்லாம் சிமெண்ட் சாக்கால் அடைத்தார். கரி வருவது குறைந்தது. ஆனால் அம்மா சமைத்தது விறகில். விறகென்றால் மர விறகுகூட இல்லை, தொழிற்சாலைகளில் இயந்திரம் வந்திறங்கும் பெட்டிகளை உடைத்து விற்பார்கள், அந்தப் பலகை. பெயிண்ட், ஆணி, எண்ணெய் எல்லாம் அதில் இருக்கும். அந்தப் புகை போக வழியில்லை. மூன்றாம் நாள் அம்மா அடுப்பின் முன்னால் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தாள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பயத்தில் அழக்கூடத் தோன்றவில்லை. துணி உலர்த்தும் கழியை எடுத்து ஓட்டுச் சந்தில் குத்திக் குத்திச் சாக்குகளைக் கீழே தள்ளினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் அம்மாவை வெளியே தூக்கிப் போட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து எழுந்து உட்கார்ந்தாள். மறுநாள் யாரையும் கேட்காமல் கடப்பாரையை எடுத்து அடுப்புக்கு மேலே சுவரில் மூன்று செங்கல்லைப் பெயர்த்தாள். கரி வந்தது. வந்தால் துடைத்தாள்.

இதைக் கண்ணால் பார்த்தவள்தான் ஜெர்மனியில் துண்டைச் சுருட்டி ஓட்டையை அடைத்தேன். மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். எனக்கு வெட்கம் வந்துவிட்டது. வெட்கப்படுகிறவளுக்குப் புத்தி வேலை செய்யாது.

4

அந்த ஞாயிறு. ஊரிலிருந்து புதுப் பொட்டலம் வந்திருந்தது, பொங்கலுக்கு அம்மா கொடுத்து விட்டது. ஆசை அடங்கவில்லை. விசிறியை மூன்றாம் வேகத்தில் வைத்தேன். எல்லா ஜன்னலையும் ஒரு தடவை தள்ளிப் பார்த்தேன், இறுக்கமாக மூடியிருக்கிறதா என்று. கணப்பில் காலையில் போட்ட விறகு எரிந்து வெறும் தணலாகியிருந்தது. நிவேதா அதன் முன்னால் தரையில் படுத்து, காதில் ஹெட்போன் மாட்டி, பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு, வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஏழுமலை விறகெடுக்கப் பாதாள அறைக்குப் போயிருந்தார்.

அலாரம் கத்தியது.

எங்கள் வீட்டில் அலாரம் கத்துவது செய்தியே இல்லை. கூரையில் இருக்கும் புகை அலாரம் கடுகு வெடித்தாலே கத்தும். துண்டை வீசி வீசி அதை அடக்குவது எனக்குக் கைப்பழக்கம். இங்கே இருக்கும் நம்மாட்கள் எல்லா வீட்டிலும் இந்தக் கூத்து உண்டு. மிளகாய் கிள்ளிப் போடுவதற்கு முன்னால் பேட்டரியைக் கழற்றி வைக்கிறவர்களையும் எனக்குத் தெரியும். அன்றைக்குக் கத்தியது கூரையில் இருந்தது இல்லை, அலமாரியில் இருந்த வெள்ளைப் பெட்டி. தொழிற்சாலையில் கிறிஸ்துமஸுக்கு எல்லோருக்கும் கொடுத்தது. அதுவும் ஒரு புகை அலாரம் என்றுதான் நினைத்திருந்தேன். அது கண்டுபிடிப்பது கார்பன் மோனாக்சைடை. மணம் இல்லாத, நிறம் இல்லாத, ஆளைக் கொல்லும் வாயு. பெட்டியின் முதுகில் எழுதித்தான் இருந்தது. யார் படித்தார்கள்?

"பேஜாரு புடிச்ச பொட்டி, கருவாட்டுக்குக் கூடக் கத்துது" என்று திட்டிக்கொண்டே பேட்டரியைப் பிடுங்கி, பெட்டியைப் படுக்கையறையில் தலையணைக்கு அடியில் போட்டுவிட்டு வந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து நிவேதா, "அம்மா, தல வலிக்குது" என்றாள்.

"போனையே பாத்துக்கினு இருந்தா வலிக்காம இன்னா பண்ணும்?"

இதைச் சொன்னது நான். பெற்ற தாய். என்னை விட்டுத் தூரத்தில் நின்றபடி இந்த வரியை எழுத முயற்சி செய்தேன், முடியவில்லை.

அவள் எழுந்து தன் அறைக்குப் போகப் பார்த்தாள். நிலைப்படி வரை போனாள். அங்கேயே மடங்கி விழுந்தாள்.

நான் ஓடும்போதே விறகுக் கூடையோடு ஏழுமலை உள்ளே வந்தார். அவர் மகளை முதலில் பார்க்கவில்லை, கணப்பைத்தான் பார்த்தார். பதினோரு வருஷப் பழக்கம் அது. கதவுக்குக் கீழே இருக்கும் காற்று வாயிலிருந்து சாம்பல் தூசு வெளியே, எங்கள் பக்கமாக, ஊதிக்கொண்டிருந்தது. உள்ளே இழுக்கவேண்டிய வாய் வெளியே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"செல்வி, ஃபேன நிறுத்து! கொழாக் காத்த ஊட்டுக்குள்ள வாங்குது, உள்ள வாங்குது!"

கூடையை அப்படியே போட்டார். பிள்ளையைத் தோளில் அள்ளிக்கொண்டு, வாசற்கதவை உதைத்துத் திறந்து, வெறுங்காலோடு பனியில் இறங்கினார். நான் விசிறியை நிறுத்திவிட்டு எல்லா ஜன்னலையும் திறந்தேன். நுரைப்பட்டை இறுகிப் பிடித்திருந்த ஒரு ஜன்னல் திறக்கவில்லை. தோசைக்கல்லால் கண்ணாடியை உடைத்தேன்.

5

ஆம்புலன்ஸ் வந்தது, தீயணைப்பு வண்டி வந்தது. நிவேதாவுக்கு முகமூடி மாட்டி ஆக்ஸிஜன் கொடுத்தபடியே கொண்டுபோனார்கள். அடுத்த நாள் மத்தியானம் வரை ஆஸ்பத்திரியில் இருந்தாள். சரியாகிவிட்டாள். இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

அந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். நடந்ததைக் கேட்டார். பதற்றத்தில் எனக்கு ஜெர்மன் வரவில்லை, ஏழுமலைக்கு எப்போதுமே வராது. கடைசியில் படுக்கையில் கிடந்தவளே முகமூடியைத் தூக்கிக்கொண்டு எங்களுக்காக மொழிபெயர்த்தாள். ஜன்னலை ஏன் மூடினீர்கள் என்று டாக்டர் கேட்டார். வாசனை வெளியே போகாமல் இருக்க என்றாள். என்ன வாசனை என்று கேட்டார். நிவேதா என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, நான்தானம்மா சொன்னேன். என்னாலதானே?"

"நீ சொன்னது தப்பில்லடி. நீ கொழந்த, சொல்லுவ. நான் கேட்டதுதான் தப்பு."

அப்புறம் படிவங்கள். இந்த நாட்டில் செத்தாலும் படிவம், பிழைத்தாலும் படிவம். காப்பீட்டுக்காரர்களுக்கு ஒன்று, நகராட்சிக்கு ஒன்று, உடைந்த ஜன்னலுக்குத் தனியாக ஒன்று. காப்பீட்டுப் படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அறியாமை என்று எழுதச் சொன்னார் ஏழுமலை. நிவேதா பேனாவை வாங்கி ஒரே வார்த்தை எழுதினாள்: வாசனை. பத்து நாளில் படிவம் திரும்பி வந்தது. இப்படி ஒரு காரணம் எங்கள் பட்டியலில் இல்லை, தயவுசெய்து பட்டியலிலிருந்து தேர்வு செய்யவும்.

பட்டியலில் இல்லாவிட்டால் காரணம் இல்லை என்றாகிவிடுமா? இன்றுவரை மாற்றி எழுதிக் கொடுக்கவில்லை. அந்தக் கோப்பு எங்கேயோ திறந்தபடியே கிடக்கிறது, கிடக்கட்டும்.

6

ஜெர்மனியில் வீட்டுப் புகைக்குழாய்க்கு என்று ஓர் அதிகாரி உண்டு. வருஷா வருஷம் வந்து சுத்தம் செய்வார், சோதிப்பார். அவர் சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் கணப்பில் நெருப்பு வைக்கலாம். தலை முதல் கால் வரை கறுப்பு உடை. முதல் வருஷம் அவரை வாசலில் பார்த்தபோது எனக்குக் கைகூப்பத் தோன்றியது, மலைக்கு மாலை போட்ட சாமி என்று. விபத்துக்குப் பின் சோதிக்க வந்த அன்றைக்கும் அதே கறுப்பு உடைதான். முகம் மட்டும் வேறாக இருந்தது.

"இந்த விசிறியை மாட்டும்போது ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

நான் ஜெர்மனில் பதில் சொன்னேன். அவசரத்தில் அவரை நீ என்று சொல்லிவிட்டேன். இங்கே அதிகாரியை நீ என்பது பெரிய மரியாதைக் குறைவு. அவர் புருவத்தைத் தூக்கினார். நிவேதாவுக்கு முகம் சிவந்தது. எங்கள் பக்கத்தில் கலெக்டரே வந்தாலும் முதலில் வா என்றுதான் வாயில் வரும், அப்புறம்தான் ங்க சேரும். அதை அவருக்கு எப்படி விளக்குவது? விளக்கவில்லை.

அவர் சுருக்கமாகச் சோதித்துக் காட்டினார். ஜன்னல்களை மூடச் சொன்னார். கணப்பு அன்றைக்கு அணைந்துதான் கிடந்தது. விசிறியை முழு வேகத்தில் போட்டார். என்னிடம் ஊதுவத்தி கேட்டு வாங்கிக் கொளுத்தி, காற்று வாயருகே பிடித்தார். புகை உள்ளே போகவில்லை. எங்கள் முகத்துக்கு வந்தது. பிறகு ஜன்னலைத் திறந்தார். ஊதுவத்திப் புகை சட்டென்று திரும்பிக் கணப்புக்குள் போனது.

விசிறி வீட்டுக் காற்றை வெளியே தள்ளுகிறது. தள்ளிய அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தே தீரவேண்டும். ஜன்னலையும் அடைத்தாயிற்று, சுவர் ஓட்டையையும் அடைத்தாயிற்று. மிச்சம் இருந்த ஒரே வழி புகைக்குழாய். அதன் வழியாகத் தணலின் விஷத்தோடு சேர்ந்து காற்று உள்ளே இறங்கியது. புகைக்குழாய் மேலே இழுக்கவேண்டுமானால் கீழே வீடு மூச்சு வாங்கவேண்டும். துண்டு அடைத்த ஓட்டை கணப்பு மூச்சு வாங்குவதற்காக வைத்ததுதான். துண்டை அவரே உருவி என் கையில் கொடுத்தார்.

ஏழுமலை அன்று முழுக்கத் தலை நிமிரவில்லை. "மில்லுல ஃபர்னஸ் கதவாண்ட தெனம் பனியன் வேஸ்ட்டுல நூல் புடிச்சுப் பாப்பேன் செல்வி. நூல் உள்ள சாஞ்சா சரி, வெளிய சாஞ்சா பொகக்கொழா டேம்பர் தகட்ட தொறக்கணும். சின்னப் புள்ளகூடச் சொல்லும். எஞ் சொந்த ஊட்ல பாக்கலையே." அழுதார். நான் தடுக்கவில்லை.

கறுப்பு உடைக்காரர் கணப்புக் கதவில் ஒரு சீல் ஒட்டினார். பிறகு முத்திரை குத்திய தாள் ஒன்று கொடுத்தார். நிவேதா படித்துச் சொன்னாள். கணப்பை மறுபடியும் பற்றவைக்க வேண்டுமானால், ஜன்னல் சட்டத்தில் ஒரு மின் விசை பொருத்தவேண்டும். ஜன்னல் திறந்திருந்தால்தான் விசிறி ஓடும். ஜன்னலைச் சாத்தினால் அந்த நொடியே தானாக நின்றுவிடும்.

தாளை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஊரில் ஓர் அதிகாரி ஜன்னலைச் சாத்தச் சொன்னார். இங்கே வீட்டுக்காரம்மா ஜன்னலைச் சாத்தச் சொன்னார். அங்கே அவர்கள் புகை எங்கள் சோற்றுப் பானைக்குள் விழுந்தது, யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. இங்கே எங்கள் தாளிப்பு படிக்கட்டு வரை போனதற்கு நாங்கள் ஒரு வருஷம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தோம். இரண்டு இடத்திலும் அடைபட்டது எங்கள் வீடுதான். திறந்து வை என்று ஓர் அதிகாரி எனக்கு எழுத்தில் கொடுத்தது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. அவர் போகும்போது, இந்த முறை சரியாக நீங்கள் போட்டு, நன்றி சொன்னேன்.

ஊரில் இருப்பவர்களே, உங்களுக்கும்தான் சொல்கிறேன். தூசிக்கும் கொசுவுக்கும் பயந்து ஜன்னலைச் சாத்திவிட்டு ஏசி போடுகிறீர்கள். ஹாலோடு ஒட்டிய சமையலறை, மேலே பெரிய சிம்னி. பூட்டிய குளியலறைக்குள் கேஸ் கெய்சர். எரியும் எதுவும் மூச்சு வாங்கும். அதற்கு வழி விடாவிட்டால் உங்கள் மூச்சை எடுத்துக்கொள்ளும்.

7

அம்மாவிடம் மறைத்துத்தான் வைத்திருந்தேன். நிவேதா ஒருநாள் வீடியோவில் பேசும்போது எல்லாவற்றையும் உளறிவிட்டாள். அம்மாவுக்கு இப்போது கேஸ் அடுப்புதான். ஆனால் அந்த மூன்று செங்கல் ஓட்டையை யாரையும் பூச விடவில்லை. திரையில் அவள் முகம் கிட்ட வந்தது, நெற்றி மட்டும் தெரிந்தது.

"அடியே, எவ மூக்குக்கோ பயந்துகினு எம் பேத்திய சாவடிக்கப் பாத்தியேடி! அன்னிக்கு எனக்குச் சாக்கப் புடுங்கிப் போட்டவதானே நீ? அங்க போயி இன்னா ஆச்சு ஒனக்கு?"

நிவேதாதான் கேட்டாள், என்ன சாக்கு என்று. அதுவரை நான் அவளிடம் அந்தக் கதையைச் சொன்னதே இல்லை. காலனி, கரி, மனு, ஜீப், கழி எல்லாவற்றையும் அன்றைக்குச் சொன்னேன். அவள் கடைசியில், "அந்த ஆபீசருக்கு யாரும் பதில் சொல்லலையா?" என்றாள். ஆயா செங்கல்லைப் பெயர்த்ததுதான் பதில் என்றேன்.

மின் விசை பொருத்தினோம். கறுப்பு உடைக்காரர் வந்து பார்த்து சீலைக் கிழித்தார். முதல் நாள் ஜன்னலைத் திறந்து சாம்பாருக்குத் தாளித்தேன். மறுநாளே மாடிப்படியில் காலடிச் சத்தம். கடிதம். சமைக்கும்போது ஜன்னல் திறந்திருப்பதைக் கவனித்தேன், ஏற்கெனவே கேட்டுக்கொண்டபடி மூடி வைக்கவும், தவறினால் அடுத்த நடவடிக்கை பற்றி யோசிக்க நேரிடும், அன்பான வணக்கங்கள்.

வீடு போய்விட்டால் என்ன செய்வது? கை தன்னிச்சையாக ஜன்னல் பிடியை நோக்கிப் போனது. நிவேதா என் கையைப் பிடித்தாள். கடிதத்தை வாங்கிப் படித்தாள். முத்திரை குத்திய தாளை எடுத்தாள், கணப்பு வாயருகே ஏழுமலை கட்டித் தொங்கவிட்டிருந்த சிவப்புக் கம்பளி நூலை அவிழ்த்தாள், பன்னிரண்டு படி ஏறினாள். நானும் பின்னால் போனேன்.

மணியடித்தாள். வீட்டுக்காரம்மா கதவைத் திறந்தார். என் மகள் கடிதம் எழுதவில்லை, வாயால் பேசினாள். இந்தத் தாள் சட்டம், படியுங்கள் என்றாள். கீழே வாருங்கள், ஒன்று காட்டவேண்டும் என்றாள். அவர் தயங்கித் தயங்கி வந்தார். நிவேதா விசிறியைப் போட்டு, திறந்த ஜன்னலில் நூலைப் பிடித்தாள். நூல் வீட்டுக்குள் சாய்ந்தது.

"பாருங்கள், இந்த வழியாகக் காற்று உள்ளேதான் வருகிறது. உங்களைத் தொந்தரவு செய்வது வாசனை இல்லை, ஜன்னல் திறந்திருக்கும் காட்சி" என்றாள் ஜெர்மனில். வீட்டுக்காரம்மா நூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இருந்தாலும் வாசனை சில சமயம் வரத்தான் செய்கிறது என்றார் மெதுவாக. அதுவும் உண்மைதான்.

"வரட்டும். மூடி வைத்து நான் ஒரு தடவை செத்துப் பார்த்தேன். இன்னொரு தடவை சாகமாட்டேன்" என்றாள் நிவேதா.

நல்ல மாலையாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு மேலே போனார். நடவடிக்கை எதுவும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. அவர் எங்கள் வீட்டில் வந்து கருவாடு தின்று நட்பானார் என்று நீங்கள் எதிர்பார்த்தால், மன்னிக்கவும். படிக்கட்டில் பார்த்தால் வணக்கம் சொல்வோம். பனி தள்ளும் அட்டவணை அப்படியே இருக்கிறது.

நிவேதாவின் குளிர்ச் சட்டை இப்போது வாசல் ஆணியிலேயே தொங்குகிறது. மூக்கை மூடிய அந்தப் பையன் இன்னும் மூடுகிறானா என்று கேட்டேன். "மூடிக்கட்டும், அவன் மூக்குதானே" என்றாள். இதெல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது இல்லை. எனக்குத்தான் வராதே.

இன்றைக்கு வருவோம். எண்ணெய் காய்ந்துவிட்டது. கருவாட்டை அலசி வைத்திருக்கிறேன். அலமாரியில் அந்த வெள்ளைப் பெட்டி புதுப் பேட்டரியோடு விழித்திருக்கிறது. அதை இப்போது யாரும் திட்டுவதில்லை. குளிர் தாங்காமல் நான் ஜன்னலை ஒரு நிமிஷம் சாத்தினேன்; விசிறி பட்டென்று நின்றது. கணப்பின் முன்னால் நூலைப் பார்த்துக்கொண்டிருந்த நிவேதா தலையைத் தூக்கினாள்.

"தொறம்மா. நல்லா தொற."

எழுந்து வந்து அவளே இரண்டு கதவையும் அகலத் திறந்தாள். விசிறி ஓடத் தொடங்கியது. முதல் கைப்பிடி நெத்திலியை எண்ணெயில் போட்டேன். மேல் மாடியில் ஒரு ஜன்னல் படாரென்று சாத்தும் சத்தம் கேட்டது.

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சாத்தட்டும். இத்தனை வருஷம் நாங்கள் செய்த வேலை அது. இனி அவர் செய்யட்டும்.